புர்க்கின்யேயும் கந்தப்போடியும்

அந்த இலையுதிர் காலம் முழுக்கக் குஞ்சித்தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதோ தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதோ, நெஞ்சு திடீரென்று ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பலமாக இடித்தது. மட்டக்களப்பில் விலங்கியல் படிப்பித்தவர் அவர். இதயத்துக்குள் என்ன நடக்கிறதென்று படம் கீறிக் காட்டத் தெரியும். தெரிந்ததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

குடியேறிய வோபர்ன் பகுதி வீட்டுக்குள்ளோ வேறோர் இடி. மகள் கனகாம்பிகைக்குப் பதினைந்து வயது. 'கந்தப்போடி' என்ற குடும்பப் பெயரின் வாலைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் அவளை 'பொட்டி' ஆக்கிவிட்டார்கள். இங்கே அது குழந்தைகள் மலம் கழிக்கும் சட்டிக்குப் பெயர்.

"அப்பா, சிற்றிசன்ஷிப் எடுக்கேக்க பேரை மாத்துங்க. ஜஸ்ற் 'கந்தா' எண்டு வெட்டுங்க. ஐ கான்ற் டூ திஸ் எனிமோர்."

"அது என்ர அப்பாட பேர் மகள். போடி எண்டா எங்கட ஊரில வயல்வாய்க்கார பெரிய மனிசன்."

"இஞ்ச ஆருக்கு அது தெரியும்?"

தொழிற்சாலையில் யாழ்ப்பாணத்து யேசுரட்ணமே சிரித்திருக்கிறான். "அண்ணை, எங்கட பக்கம் 'போடி' எண்டா மனிசியை ஏசிறதெல்லோ!"

உண்மையில் அது குடும்பப் பெயரே அல்ல. எண்பத்து நாலில் வந்து இறங்கியபோது, விமான நிலையத்து அதிகாரி அவருடைய பெயருக்கு முன்னால் இருந்த தகப்பன் பெயரைத் தூக்கி மூன்று பேருக்கும் பின்னால் ஒட்டிவிட்டார். அதில் அதிகம் நொந்தவள் மனைவி கோணேஸ்வரி.

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து மாமாட பேரை நான் வாயால சொன்னதில்ல. இப்ப பாங்கில என்னையே 'மிசஸ் கந்தப்போடி' எண்டு கூப்பிடுறாளுகள். கூசுது."

வெட்டவும் மனமில்லை, விடவும் வழியில்லை. குஞ்சித்தம்பி சமையலறைக்கும் பல்கனிக்கும் நடந்தார். திரும்பவும் நடந்தார்.

நவம்பரில் குடும்ப வைத்தியர் அவரை ஈசிஜி எடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வயர்களை ஒட்டிய ஹனா என்ற நரைத்த பெண் செக் நாட்டிலிருந்து வந்தவள். சும்மா கிடக்க முடியாமல் குஞ்சித்தம்பி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார், பிழை பர்க்கிஞ்சி நார்களில் இருக்குமோ என்று.

அவள் கை நின்றது. "பர்க்கிஞ்சியா? அப்படி ஒருவர் எங்கள் நாட்டில் பிறக்கவில்லை."

"இதயத்துக்குள்ளே ஓடுகிற நார்..."

"நார் தெரியும். அதைக் கண்டவரைச் சொல்கிறேன். புர்க்கின்யே. எங்கள் எழுத்தில் அவர் பெயருடைய கடைசி எழுத்துக்கு மேலே ஒரு கொக்கி உண்டு. ஜெர்மன்காரருக்கு அது வாசிக்க வராது. அதனால் அவர்களுக்கு எழுதியபோது 'ஜே' எழுத்தைப் போட்டார். ஜெர்மன் வாயில் ஜே 'ய' ஆகும், பெயர் கிட்டத்தட்டச் சரியாக விழும். பிறகு இங்கிலீஷ்காரர் வந்து அதே எழுத்தைத் தங்கள் வாயால் வாசித்துவிட்டார்கள்."

குஞ்சித்தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த இங்கிலீஷ் வாயிலிருந்துதான் அது கொழும்புக்குப் போய், தமிழ்ப் புத்தகத்தில் ஏறி, அவருடைய சோக்குக்கட்டிக்கு வந்திருக்கிறது. 'பர்க்கிஞ்சி'யைப் பிழையாக எழுதிய பிள்ளைகளுக்கு அவர் குட்டியும் இருக்கிறார்.

"அவருக்குக் கோபம் வரவில்லையா?"

"ஏன் வரவேண்டும்? எங்களுக்கு எழுதும்போது எங்கள் எழுத்தில் எழுதினார். இரண்டையும் அவரே எழுதினார், வேறு யாரும் அவருக்காக எழுதிக் கொடுக்கவில்லை. கோபம் எனக்குத்தான். இந்த அறையில் நாள் முழுக்க அதைக் கேட்கிறேனே." சிரித்தவள், பிறகு அதட்டினாள். "அசையாதீர்கள், கோடு நடுங்குகிறது."

தனியே தவறித் துடிக்கிற துடிப்புகள்தான், ஆபத்தில்லை, கோப்பியைக் குறையுங்கள் என்றார் வைத்தியர். குஞ்சித்தம்பி முழுதாக நம்பவில்லை. ஆனால் அன்று பின்னேரம் மகளைக் கூப்பிட்டு மேசையில் இருத்தினார்.

"என்ர அப்பாட பேரை நான் வெட்ட மாட்டன். அது எனக்கு. உன்ர பேரை நீ எழுது."

"ஊரில எண்டா எனக்கு என்ன பேர் வரும்?"

"என்ர பேர். கு. கனகாம்பிகை."

அவள் கடை விளம்பரத் தாளின் ஓரத்தில் 'குஞ்சித்தம்பி'யை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதினாள். சினேகிதிக்குப் போன் பண்ணி ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். "இது இன்னும் நீளம் அப்பா," என்று முறைப்பட்டாள். ஆனாலும் சினேகிதியின் வாயில் ஓரளவு சரியாக விழுந்த ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அப்ப உனக்கும் அதுவே?" என்று மனைவியைக் கேட்டார்.

"நல்லாயிருக்கு! மாமாட பேரில இருந்து புருசன்ட பேருக்கோ? அதையும் நான் சொல்றதில்ல. எனக்கு என்ர அப்பாட பேர் காணும். தம்பிமுத்து."

பெயர் மாற்றப் பத்திரம் எழுதிய வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குடும்பம் பிரிகிறதா என்று மெதுவாகக் கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள்.

அடுத்த வசந்தத்தில் குடியுரிமை கொடுத்தார்கள். மண்டபத்தில் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஆட்களை இருத்தினார்கள். குஞ்சித்தம்பி ஒரு வரிசையில், மகள் இரண்டு வரிசை பின்னால், கோணேஸ்வரி எங்கோ கடைசியில். தன் பெயரை அதிகாரி பாதி வாசிக்கும்போதே அவர் துள்ளி எழுந்து போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார். மகளின் பெயர் வந்ததும் அதிகாரியின் வாய் தடுமாறி நின்றது. "குஞ்சித்தம்பி," என்று இருந்த இடத்திலிருந்தே அவள் உரத்துச் சொன்னாள். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூச்சப்படாமல் நடந்து வந்தாள்.

இனிக் கோணேஸ்வரி. அவர் கழுத்தைத் திருப்பித் தேடினார். பெரிய உருவமொன்றின் குளிர் கோட்டு அவளை மறைத்தது. அரைவாசி எழுந்தார். வாசலில் நின்ற ஊழியர் இருக்கும்படி கை காட்டினார். இருந்தார். நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அவர் திரும்பவும் எழுந்தார்.