மூன்றாம் சுவிசேஷம் வரை இருட்டு

அந்தப் பெரிய வெள்ளியன்று நஸ்லத் மிக்காயில் கிராமத்தில் நண்பகலில் கவிந்த இருட்டு மறுநாளும் விலகவில்லை. இரண்டு நாள் நீடித்தது என்பார்கள், மூன்று என்பார்கள். கோழிகள் கூவவே இல்லை என்பார் ஒருவர், விடாமல் கூவின என்பார் இன்னொருவர். இதில் நினைவு எங்கே தப்பியது என்று இனி அறுதியிட முடியாது. இருட்டு இருந்தது என்பதில் மட்டும் எவருக்கும் வேறு பேச்சில்லை.

அன்று சிலுவைப் பாடுகளை நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் வரிசையாக வாசிப்பார்கள். அந்த ஊரில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டாருக்கு உரியது. பிஷோயின் வீட்டுக்கு லூக்கா. மத்தேயுவும் மாற்கும் முடிந்தன. அவற்றில், கூடச் சிலுவையில் அறையப்பட்ட இரு கள்வரும் இயேசுவை நிந்தித்தார்கள். பிஷோய் எழுந்தபோது, வனீஸ் செருப்பில்லாமல், தன் சவத்துணியைத் தானே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றான். போன கோடையில் வாய்க்கால் தகராறில் பிஷோயின் அண்ணன் சித்ஹுமைச் சுட்டுக் கொன்றவன். துணியை வாங்கிக்கொண்டால் பகை தீர்ந்தது. வாங்காவிட்டால் அவனைக் கொல்வது பிஷோயின் கடமை. கள்வரில் ஒருவன் மனம் திரும்பி ஏற்கப்பட்டது லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. பிஷோய் புத்தகத்தை மூடினான். சன்னல்கள் கறுத்தன.

பாதிரியார் அபூனா பாகூம் தானே வாசிக்கப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிஷோயின் சித்தப்பாவுக்கும் அப்படியே. விளக்குகள் எரிந்தன, வெளிச்சம் திரியைவிட்டு நகரவில்லை. வாசிப்பு முடியாததால் நோன்பும் முடியவில்லை. காடி ஊற்றிய மொச்சை சட்டிகளில் காத்திருந்தது.

"மத்தேயு என்ன பொய்யா சொன்னாரு, அபூனா? ரெண்டு பேருமே திட்டினாங்க. மாற்கும் அதான் சொல்றாரு. யோவான் வாயே திறக்கல. லூக்கா ஒத்தை ஆளு" என்றான் பிஷோய்.

"இங்க என்ன தேர்தலாடா நடக்குது, கையைத் தூக்கி எண்ண?"

"முதல்ல திட்டிட்டு அப்புறம் திருந்தியிருப்பான்" என்றார் சித்தப்பா.

"நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களாக்கும்."

பசித்தவர்கள் இருட்டில் வாதாடினார்கள். நோன்புதான் பெரிது என்றது ஒரு குரல். பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் பெரிது என்றது இன்னொன்று. பகைவனை நேசிப்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை; பிஷோயின் இடுப்பில் துப்பாக்கி இருப்பது எல்லோருக்கும் தெரியும். வனீஸ் ஏந்திய கையை இறக்கவில்லை.

சித்ஹுமின் மனைவி தமியானா பெண்கள் பக்கத்திலிருந்து தடவித் தடவி வந்தாள்.

"செத்தது உன் அண்ணன் மட்டுமில்ல, என் புருஷன். சுடணும்னா சுடு. வாசிக்கணும்னா வாசி. என் எருமை மடி கட்டிக் கத்துது."

"மனசு ஒப்பலியே, அண்ணி."

"மனசையா கேட்டேன்? வாசிக்கத்தானே சொன்னேன்."

பிறகு பிஷோய் மனப்பாடமாகத் தொடங்கினான். தன்னை நினைத்தருளும்படி கள்வன் கேட்கும் இடத்தில் வாசலில் ஒரு விம்மல் கேட்டது. அடுத்தது இயேசுவின் பதில். அதைச் சொன்னால் வனீஸுக்கும் சொன்னதாகிவிடும். பிஷோயின் கை இடுப்புக்குப் போனது, அங்கேயே நின்றது. பற்களைக் கடித்தபடி, இன்றே பரதீசில் இருப்பாய் என்ற அந்த வரியைச் சொன்னான்.

சன்னல்கள் வெளுத்தன. முகத்தைப் பார்க்காமல் துணியை வாங்கிக்கொண்டான்.

வனீஸ் சூயஸில் மீன்படகு வேலைக்குப் போய் அங்கேயே செத்தான். அபூனா பாகூம் மூப்பில் போனார். தமியானா எருமையை விற்கவில்லை, மறுமணமும் செய்யவில்லை. பிஷோய் மன்னித்துவிட்டதாகக் கடைசிவரை சொன்னதில்லை. வனீஸ் கொடுத்த துணியில்தான் பிஷோயை அடக்கினார்கள். அளவு சரியாக இருந்தது. இப்போதும் பெரிய வெள்ளியில் அந்த வரி வரும்வரை ஊரில் இருட்டுதான். எருமைகளை முன்கூட்டியே கறந்துவிடுகிறார்கள்.