கல்லா முன் செருப்பு

ஒரு காலின் விலை எண்பத்தைந்தாயிரம் ரூபாய். அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் விலை வேறு.

தூத்துக்குடி மொத்தக் கடை செந்தூர்வேல் அண்ணாச்சிக்கு இந்த நிலவரத்தைச் சொன்னவர் அரிசி மண்டி மகாராஜன். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டு, செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் வேட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கால் விக்கிறவன் அஞ்சாயிரம் குறைச்சுக்கிடுதேன்னான் அண்ணாச்சி. பழசை எடுத்துக்கிட்டு இன்னும் குறைப்பியான்னு கேட்டேன். அதைத்தான் ஆஸ்பத்திரியிலேயே குடுத்துட்டு வந்துட்டியளேங்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். செந்தூர்வேலும் சிரித்தார். சிரித்தபடியே தட்டிலிருந்து இரண்டாவது மக்ரூனை எடுத்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. மகாராஜனுடையதைவிட ஒரு வயது மூத்த சர்க்கரை.

டாக்டர் ஜெபசுதா அவரிடம் கேட்டது சின்னச் சின்னக் காரியங்கள்தான். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் செருப்புப் போட வேண்டும். தினமும் ஒரு தடவை உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மாத்திரை தவறக் கூடாது. அண்ணாச்சி பேரத்தில் இறங்கினார். வீட்டில் வேண்டுமானால் யோசிக்கலாம், கடையில் முடியாது. கல்லாப்பெட்டிக்கு மேலே லட்சுமி இருக்கிறாள். சுமை தூக்குகிறவன்கூடச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான். உள்ளங்காலைப் பார்க்கலாம்தான், ஆனால் அதற்குத் தொப்பை வழிவிட வேண்டுமே. கடைசியில் மாத்திரை மட்டும்தான் படிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, மாலத்தீவுக்குப் போகும் தோணிக்கு வெங்காயமும் பருப்பும் ஏற்ற வேண்டியிருந்தது. வாசலில் லாரி நின்றது. கணக்கு எழுதும் கிளாடிஸ் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அண்ணாச்சி, தரையில ரத்தம் கிடக்கு."

கிடந்தது. மூட்டை அடுக்கிலிருந்து தராசுக்கு, தராசிலிருந்து வாசலுக்கு, காசு அகலத்தில் சொட்டுச் சொட்டாக.

"ஏலே ஜெயசிங், காலைக் காட்டு."

ஜெயசிங் முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினான். "எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெறும் பித்தவெடிப்புதான்."

"பொறவு எவன்லே? சரக்குல பட்டா தோணிக்காரன் திருப்பி அனுப்பிருவான்."

பருப்பு மூட்டைப் பக்கம் போய்ப் பார்த்தார். எண்ணெய் டின் பக்கம் போய்ப் பார்த்தார். காலில் குத்தினதுகூடத் தெரியாமல் எவனோ சொரணை கெட்ட பயல் நடந்து திரிகிறான் என்று வைதார்.

"அண்ணாச்சி." இந்தத் தடவை கிளாடிஸ் தலையைத் தூக்கியிருந்தாள். "எண்ணெய் டின்னுகிட்ட இப்பதான் வந்திருக்கு. நீங்க அங்கன போன பொறவு."

அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். காலைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஜெயசிங்தான் அவரை மூட்டைமேல் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினான். வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், சாக்குத் தைக்கும் கோணி ஊசியின் ஒடிந்த பாதி இறங்கியிருந்தது.

வலிக்கவில்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரனைப் போல, காலுக்குள் இருந்தவன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

"இது செவ்வாக்கிழமை ஒடிஞ்ச ஊசில்லா," என்றான் ஜெயசிங் மெதுவாக.

பாதி ஊசியைத் தொலைத்ததற்காக அன்றைக்கு அவன் கூலியில் பத்து ரூபாய் பிடித்திருந்தார் அண்ணாச்சி. தொலைந்த பாதியோடுதான் அதன் பிறகு கடை நடத்தினார், கோயில் பிராகாரம் சுற்றினார், நிம்மதியாகத் தூங்கினார்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகாராஜன் வேட்டியைத் தூக்கிக் காட்டிய அந்தப் பளபளப்பான கால் கண்ணை விட்டு நகரவில்லை.

ஜெபசுதா ஊசியை உருவி எடுத்துவிட்டு, தட்டினால் அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் கையில் எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்க. அதிருறது தெரியுதா?"

"நல்லாத் தெரியுது டாக்டரம்மா."

"நான் இன்னும் காலுல வைக்கவே இல்லையே அண்ணாச்சி."

வியாபாரத்தில் பொய் சொல்லிப் பிடிபடுவது அவருக்குப் புதிதல்ல. அதற்காக ஒரு நாளும் வியர்த்ததில்லை. இப்போது முதுகு நனைந்தது.

"கால் இருக்குமா?"

"விரல் கறுத்துட்டு வருது. அது எங்க நிக்குதுன்னு பார்க்கணும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் போர்வையை விலக்கவே இல்லை. மனைவி முத்துக்கனியைத்தான் பார்க்கச் சொன்னார். பார்த்து முடித்ததும் மறுபடி பார்க்கச் சொன்னார்.

"கறுப்பு எங்க நிக்கி?"

"விரல்லதான் நிக்கி."

"மெய்யாத்தான் சொல்லுதியா?"

"நான் என்ன வியாபாரியா, பொய் சொல்ல."

விரலோடு நின்றது. விரலை எடுத்தார்கள்.

அண்ணாச்சி கடைக்குத் திரும்பிய அன்று, தெருவையே மிதிக்காத புது மெத்தைச் செருப்பு ஒரு ஜோடியைக் கல்லா முன்னால் வைத்து, முத்துக்கனி அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டாள். அண்ணாச்சி லட்சுமி படத்தைப் பார்த்து நெளிந்தார்.

"சரக்கைத் தூக்குற தராசுக்குப் பொட்டு வைக்கோம். உங்களைத் தூக்குறதுக்கு வைக்கக் கூடாதா?"

போட்டுக்கொண்டார். ஜெயசிங்கைக் கூப்பிட்டுப் பத்து ரூபாயைக் கொடுத்தார். அவன் அதை மடியில் செருகிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனான்.

அதிலிருந்து தினமும் கடை திறந்ததும், விளக்கேற்றும் முன்னால், முத்துக்கனி அவரை ஸ்டூலில் உட்கார்த்தி உள்ளங்காலுக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கிறாள். குனிய வேண்டிய வேலை இல்லை. அவர் கண்ணாடியைப் பார்ப்பதைவிட அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் புருவம் கொஞ்சம் சுருங்கினால், என்ன என்ன என்று ஸ்டூலை விட்டு எழப் பார்க்கிறார்.

"இடது அஞ்சு. வலது நாலு. புண்ணு இல்ல." பிறகு பாதத்தில் விரலால் அழுத்துகிறாள். "தெரியுதா?"

தெரியுது என்று சொல்ல நாக்கு முந்துகிறது. அவர் அதைப் பிடித்து நிறுத்துகிறார்.

"தெரியல."

"சரி. ஒம்பது இருப்பு. ஒண்ணு நட்டம். சொரணை பாக்கி."