ஓசிச் சேனலில் வந்த விளம்பரம்

ஓசியில் கொடுத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கும் உலகம் இது. எருமப்பட்டி சித்ரா வீடு மட்டும் விதிவிலக்கா என்ன? கேபிளை வெட்டிவிட்டு, புது டிவியில் காசில்லாமல் வரும் சேனல்களுக்கு மாறியாயிற்று. நடுநடுவே விளம்பரம் வரும், அவ்வளவுதான். மாமியார் பாவாயி அதையும் விடாமல் பார்ப்பாள்.

முதலில் கோழித் தீவனமும் சோப்புத் தூளும் வந்தன. இந்த வாரம் முழுக்க ஒரே விளம்பரம். ஒரு மனிதர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, செயற்கைக் காலோடு படியேறிச் சிரிக்கிறார். சேனலை மாற்றினாலும் அவர்தான் வந்தார்.

செல்போன் கடை பிரபாகர்தான் அந்த டிவியை மாட்டிக் கொடுத்தவன். ரீசார்ஜ் செய்யப் போனபோது, இந்தச் சனியனை நிறுத்த வழியுண்டா என்று சித்ரா கேட்டாள். ஓசி என்றால் அப்படித்தான் என்று சிரித்தான். போனில் எதைத் தேடுகிறோமோ அதைத்தான் டிவியும் காட்டும் என்றான். தான் அப்படி எதையும் தேடவில்லையே என்றாள்.

"உங்க ஊட்டுப் போனுக்கெல்லாம் ஒரே மெயில் ஐடிதான போட்டுக் குடுத்தேன். டிவிக்கும் அதேதானுங்க அக்கா. ஆரு தேடுனாலும் வருமுங்க."

மாமியாரிடம் இருப்பது பட்டன் போன். நெட் வரும் போன் வீட்டில் இரண்டே இரண்டு. ஒன்று அவள் கையில் இருந்தது. இன்னொன்று, சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில், புருஷன் ஜெகதீஸ்வரனிடம் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதே ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அவன் வீடியோ காலில் வருவதில்லை. டவர் இல்லை என்றான், பிறகு கேமரா உடைந்துவிட்டது என்றான். மழை பிடித்ததும் ரிக் வண்டிகள் ஊர் திரும்பிவிடும். அவன் வண்டியும் திரும்பிவிட்டது. அவன் மட்டும் வேறொரு வண்டியில் வேலை இருக்கிறதென்று அங்கேயே தங்கிவிட்டான். ஒவ்வொன்றையும் அவள் நம்பியிருந்தாள். இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். இரும்பு ராடு நழுவி விழுந்தால் என்ன ஆகும் என்று ரிக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட வேலை செய்யும் வேறு யாருக்காவது தேடியிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே பயந்து, காளியாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வீட்டில் பாவாயி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆருக்கு என்ன கருமமோ, கண்ட நேரமும் காலையே காட்டுறானுக என்று அலுத்துக்கொண்டாள். சித்ரா கோழிப்பண்ணைப் பக்கம் போய்ப் போன் போட்டாள்.

உடனே எடுத்தான். சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறாள், மகள் கனிஷ்கா பள்ளிக்கூடம் போனாளா என்று வழக்கம்போல் அடுக்கினான். குரலில் ஒரு குறையும் இல்லை.

"ஏனுங்க, எந்தக் காலுங்க?"

அவனுக்குப் பின்னால் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கூப்பிடுவதுபோல், இந்தியில் யாருடைய பெயரையோ கூப்பிடுவது கேட்டது.

"அம்மாகிட்டச் சொல்லீராத சாமி," என்றான்.