வெந்நீரில் இறங்காத பாட்டில்

லேப் கருவியின் திரையில் வந்த எண் நான்கு. நூறு கிராம் பாலில் நான்கு மில்லிகிராம் லாக்டோஸ். பத்து வரை அனுமதி. கையெழுத்துப் போட்டேன். ‘லாக்டோஸ் இல்லாத பால்’ என்று அச்சிட்ட பெட்டிகள் வண்டியில் ஏறத் தொடங்கின. எல்லாம் மருத்துவமனைக்கு. வயிற்றுப்போக்கில் துவண்டு, சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளின் வார்டுக்கு.

கை கழுவப் போகும்போது வெந்நீர்த் தொட்டியில் கை பட்டது. ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து சுவிட்சே போடவில்லை.

டேங்கில் பாலோடு என்சைம் கலப்போம். அது லாக்டோஸை உடைக்கும். சோதனைக்கு எடுத்த பாலை உடனே வெந்நீரில் வைத்து என்சைமைக் கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளும் அது வேலையைத் தொடரும். ஒன்பது மணிக்கு மச்சினன் கொண்டுவந்து வைத்த பாட்டில் பதினொன்று வரை மேஜைமேலேயே அறைச் சூட்டில் இருந்தது. நான் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். மனைவி இறந்தபின் அப்படி உட்கார்ந்துவிடுகிறேன்.

டேங்கில் இருந்த பாலையோ ஒன்பதேகாலுக்கே சூடாக்கிப் பாக்கெட்டில் அடைத்தாகிவிட்டது. அதில் என்சைம் அப்போதே செத்திருக்கும். மிச்ச லாக்டோஸ் அப்படியே இருக்கும். நான் அளந்தது வேறு, வண்டியில் ஏறுவது வேறு.

ஓடினேன்.

டேங்கைப் பார்த்துக்கொள்பவன் என் மச்சினன்தான், மனைவியின் தம்பி. “என்ன மாமா, செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு ஓடி வர்றீங்க?”

“வண்டி போகக்கூடாது.”

வண்டியருகே நின்ற மேனேஜர் மேடம் திரும்பினார். “பாஸ்னு நீங்கதானே போட்டீங்க?”

“தப்பா போட்டுட்டேன். ஒரு பாக்கெட் குடுங்க. நாப்பது நிமிஷம்.”

“டிரைவர் இப்பவே மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான். ஒரு மணிக்குப் பால் வார்டுல இருக்கணும்.”

ஆனாலும் பாக்கெட்டைக் கொடுத்தார்.

மச்சினன் லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினான். “பாட்டில நான் லேட்டா குடுத்தேன்னு சொல்லிடறேன். என்னைத் திட்டுவாங்க, அவ்வளவுதான். உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“வேணாம்.”

“அக்கா இருந்தா என்னைத்தான் மாட்டிவிடச் சொல்லும். சின்ன வயசுலேருந்து அதுக்கு அதான் பழக்கம்.”

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கீழே ஹாரன் அடித்தார்கள். திரையில் எண் ஏறியது. இருபது. ஐம்பது. எண்பத்தாறில் நின்றது.

மேடம் உள்ளே வந்து பார்த்தார். “காரணம்?”

மச்சினன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். “பாட்டில வெந்நீர்ல வைக்கல. சும்மா உட்கார்ந்துட்டேன்.”

மேடம் ஜன்னலுக்குப் போய், “பெட்டியெல்லாம் இறக்குங்க!” என்று கத்தினார். பிறகு என்னிடம், “நேத்து பேட்ச் குளிர் ரூம்ல இருக்கே, அத அனுப்பலாமா?”

நேற்று வெந்நீரில் வைத்தேனா? யோசித்தேன். நேற்று என்ற நாளே கைக்கு அகப்படவில்லை.

“தெரியல, மேடம்.”

“முந்தாநாள்?”

“அதுவும் தெரியல. ஒவ்வொரு பேட்சுலயும் ஒரு பாக்கெட் எடுத்து வெச்சிருக்கோம். எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும்.”

“ஏற்கெனவே வார்டுக்குப் போனது?”

ஹாரன் ஓய்ந்திருந்தது. மேடம் என்னையே பார்த்தபடி ஃபோனை எடுத்து வார்டைக் கூப்பிட்டார்.

“இன்னிக்குப் பால் வராது, சிஸ்டர். வேற எங்கயாவது ஏற்பாடு பண்ணிக்குங்க… இல்ல, ஒரு நிமிஷம். உங்ககிட்ட இருக்கற எங்க பாலையும் குடுக்காதீங்க. இப்ப யாராவது குடிச்சிட்டிருந்தா, நிறுத்துங்க.”