ஈர லோடு

லாரி டிரைவர் சாப்பிட உட்கார்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டது. பக்கத்து வீடு அவருடைய தம்பி வீடு.

"என்ன சத்தம் அது?"

"வாஷிங் மெஷினாம், இன்னிக்குத்தான் வந்து இறங்கிச்சு. ரெண்டு பேர் துணிக்கு மெஷின்! இங்க அஞ்சு பேர் துணி, என் முதுகுதான் மெஷின்." மனைவி கரண்டியை நங்கென்று வைத்தாள்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலையுச்சிச் சுரங்கத்திலிருந்து அருமண் கனிமத்தை ஆலைக்கு இறக்குவது அவர் வேலை. அதைச் சூடான அமிலத்தில் வேகவைத்துப் பிரிக்கும் கொப்பரையில் தம்பிக்கு வேலை. ஒரு லாரி மண்ணுக்குக் கொஞ்சம் பொடிதான் தேறும். செல்போனுக்கும் மோட்டாருக்கும் வேண்டிய அந்தப் பொடிக்குத்தான் விலை. சுமந்து வருகிறவனுக்கு எடைக்கூலி மட்டும். அதிலும் பாதியை மலைப்பாதை டயராகவும் டீசலாகவும் தின்றுவிடும்.

"மலையைச் சுமக்கிறது நானு. மவுசு அவனுக்கா?"

"உங்க தம்பிக்கு மூளை. உங்களுக்கு ஸ்டியரிங்."

அந்தப் பேச்சு மறுநாள் அவரோடு லாரியில் ஏறிக்கொண்டது. எடை கூட்டச் சில லாரிக்காரர்கள் தண்ணீர் மொள்ளுவதாக ஊரே பேசும் ஓடையருகே, இறக்கத்தில் வண்டியை நிறுத்தினார். தார்ப்பாயைத் தூக்கி, லோடின் நடுவில் பள்ளம் பறித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஆலை வாசலில் ஈரம் பார்க்கிறவர்கள் மேல்மண்ணைத்தான் கிள்ளிப் பார்ப்பார்கள்.

"ஈர லோடு மட்டும் கொண்டு வந்துடாதேண்ணா. அமிலத்துல தண்ணி பட்டா பொங்கி மூஞ்சில அடிக்கும்" என்று தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். 'விஞ்ஞானி பாடம் எடுக்க வந்துட்டாரு' என்று அன்றைக்கு நினைத்தார். இன்றைக்கும் அதையேதான் நினைத்தார்.

எடைமேடையில் முள் ஏறியது. அவர் வயிறு குளிர்ந்தது.

மாலையில் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"யாரு, அண்ணாவா?" கட்டுப் போட்ட முகம் திரும்பியது. "எந்தப் படுபாவி லோடோ தெரியலண்ணா, நடுவுல ஒரே சேறு. ஒரு கண்ணு தப்பிச்சிடும்ங்கறாங்க."

ஆறுதல் சொல்ல வந்த டிரைவரின் மனைவி தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள், பிடித்ததும் திடுக்கிட்டாள்.

"என்னடி, கையெல்லாம் இப்படித் தோலுரிஞ்சு கிடக்கு?"

"அவர் சட்டையைத் துவைச்சுதான்க்கா. எல்லாம் அமிலம் ஊறின துணி. சோறு பிசையக்கூட முடியல. அதான் கம்மலை வித்து மெஷின் வாங்கினோம்."

அக்கா பிடித்த கையை விடவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். டிரைவர் கட்டிலின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் படுபாவி நான்தாண்டா."

அண்ணனைத் தேடி நீண்டிருந்த தம்பியின் கை பாதியிலேயே நின்றது. அவன் மனைவிதான் பேசினாள்.

"இதை ஆலை வாசல்லயும் போய்ச் சொல்லுங்க மாமா. ஓடைக்கரையில குடத்தோட நிக்கிற மத்த வண்டிக்காரங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த வீட்டுப் பொருளைப் பார்த்து வயிறு எரியறதுக்கு முன்னால, அது எந்தப் புண்ணுக்கு வாங்கின மருந்துன்னு ஒரு வார்த்தை கேட்கணும். மண்ணுல அத்தனை ஈரம் ஊத்தினீங்களே, மனசுல ஒரு சொட்டு வச்சிருந்தா கேட்டிருப்பீங்க."