மழுங்கிய போல்ட்

நாலு சக்கரம் இருந்தால் வண்டி கவிழாது என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? அந்தப் பழத்தோட்டத்துக்கு வேலைக்கு வந்த எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். பருத்த டயர் நாலு, குதிரைமேல் உட்காருவது போலக் காலை விரித்து உட்கார ஒரு சீட்டு, மோட்டார்சைக்கிள் ஹேண்டில், பின்னால் பழப்பெட்டி அடுக்க ஒரு கம்பித் தட்டு. கம்பெனிக்காரர்கள் அதை ஏ.டி.வி. என்றார்கள். தோட்டத்து ஆட்கள் தவளை என்றார்கள். அது உட்கார்ந்திருக்கும் லட்சணம் அப்படி. சரிவில் ஒரு தடவை அது மல்லாந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகத் தெரியும்.

மல்லாந்தால் ஆள் அடியில் நசுங்கக் கூடாது என்றுதான் சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் வளைந்து நின்றது, ஓட்டுகிறவனின் தலையைவிட ஒரு சாண் உயரமாக. தவளை புரண்டால் அந்த வளைவு முதலில் போய்த் தரையில் ஊன்றும். வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் மிஞ்சும். பார்க்கக் கூடையின் பிடி போல இருந்ததால் அதற்குப் பெயர் பிடி.

அன்று காலை பட்டறையில் வெல்டர் அந்தப் பிடிகளைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார்.

பழம் பெருத்துக் கிளைகளெல்லாம் தாழ்ந்துவிட்ட நேரம். மரத்துக்கு அடியில் தவளை போகும்போது பிடி கிளையில் இடித்துப் பழம் உதிர்ந்தது. சூப்பர்வைசர் கை நிறையப் பொறுக்கி வந்து வெல்டரின் வேலை மேசையில் கொட்டினார். ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"அடிபட்ட பழம் பெட்டிக்குப் போகாது, வெல்டரே. மேல இருக்கறவங்க என் உயிரை வாங்கறாங்க. நாலு வண்டியிலயும் பிடியைக் கழட்டிடு."

"சரிவுல ஓடற வண்டி சார்."

"எனக்குத் தெரியாதாய்யா? அறுவடை முடிஞ்சதும் மாட்டிக்கலாம். எல்லாரும் ஹெல்மெட் போட்டுத்தானே ஓட்டறாங்க? மத்தியான மணி அடிக்கறதுக்குள்ள வேலை முடியணும்."

மூன்று பிடிகள் கழன்று சுவரில் சாய்ந்திருந்தன. நாலாவது தவளையை வெல்டரின் தங்கை புருஷன் ஓட்டினான். கல்யாணமான நாளிலிருந்து வெல்டர் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட, தோட்டம் முழுக்க அதுவே அவன் பெயராகிவிட்டது. சூப்பர்வைசர்கூட அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

வெல்டர் ஸ்பானரை எடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தங்கை. பழம் தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அவர் வண்டியையும் கழட்டிட்டியா?"

"இனிமேதான்."

"அவர் சரிவுக்குப் போறவர்ண்ணா."

"எல்லா வண்டியும் எங்கயாவது போறதுதான்."

"எல்லா வண்டியிலயும் என் புருஷனா உக்காந்திருக்காரு?"

அவள் சுவரில் சாய்ந்திருந்த மூன்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. நான் கேக்கலன்னு வேணா வெச்சுக்கோ. ஆனா கேட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு வெல்டர் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு, ஒரு அளவு பெரிய ஸ்பானரை எடுத்தார். போல்ட்டில் மாட்டி உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினார். ஸ்பானர் வழுக்கியது. மறுபடி மாட்டித் திருப்பினார். ஆறு முனையும் தேய்ந்து போல்ட்டின் தலை உருண்டையாகும் வரை திருப்பினார். வேறு எவனாவது அந்த வேலையைச் செய்திருந்தால் அவன் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிப் பட்டறையை விட்டே விரட்டியிருப்பார்.

"சார், இந்த வண்டியில போல்ட் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. தலை மழுங்கிடுச்சு. அறுத்துத்தான் எடுக்கணும். பெட்ரோல் டேங்க் பக்கத்துல பொறி பறக்கும். டேங்கைக் கழட்டிட்டு நாளைக்கு அறுக்கறேன்."

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். கட்டை விரலால் போல்ட்டைத் தடவினார். நிமிர்ந்து வெல்டரைப் பார்த்தார்.

"சரி. நாளைக்கே பண்ணு. ஆனா பிடியோட இந்த வண்டி கிளைக்குள்ள போகக் கூடாது. மாப்பிள்ளை இன்னைக்கு ரோட்டுல பெட்டி ஏத்தட்டும். அவனுக்குப் பதிலா ரேடியோ சரிவுக்குப் போகட்டும்."

"ரேடியோவா சார்?"

"ஏன், அவனுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

வாய் மூடாத ஆள் என்பதால் ரேடியோ. மற்ற நாளெல்லாம் அவன்தான் சமதளமான ரோட்டில் பெட்டி ஏற்றுகிறவன். மத்தியானம் தன் தவளையை எடுக்க வந்தவன் நாலு வண்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னண்ணே இது, மாப்பிள்ளைக்கு மட்டும் பிடி வெச்ச கூடை, எங்களுக்கெல்லாம் மொட்டைக் கூடையா?"

"போல்ட் இறுகிப் போச்சுடா."

"இறுகும் இறுகும். உங்களுக்கு ஒரே ஒரு தங்கச்சியா போயிட்டா, அதான் தப்பு. இன்னொண்ணு இருந்திருந்தா நான் கட்டியிருப்பேன். என் போல்ட்டும் இறுகியிருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வெல்டருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சரிவுல குறுக்க ஓட்டாத," என்றார் வெல்டர். "நேரா ஏறு, நேரா இறங்கு."

"மரத்தையெல்லாம் குறுக்க வரிசையா நட்டுட்டு நேரா போன்னா, மரத்துக்குள்ள பூந்தா போறது?"

"அப்ப மேட்டுப் பக்கமா உடம்பைச் சாய்ச்சுக்கோ. சீட்டு அவ்வளவு நீளமா இருக்கறது அதுக்குத்தான், நீ நகர்ந்து உக்கார்றதுக்கு. பின்னால ரெண்டு அடுக்குக்கு மேல பெட்டி ஏத்தாத. கல்லு தெரிஞ்சா இறங்கிப் பாத்துட்டுப் போ."

"இவ்வளவையும் ஞாபகம் வெச்சுக்கிட்டா நான் எப்பண்ணே பேசறது?"

ஹெல்மெட்டை மாட்டித் தாடைப் பட்டையை இழுத்து இறுக்கினான். அவன் தவளை சரிவுப் பாதையில் ஏறியது. பட்டறைக்குள் வந்த பிறகும் அவன் யாரையோ வம்புக்கு இழுக்கிற குரல் வெல்டருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் வெல்டர் ஒரு கேட் கீலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிரைண்டரைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். நிறுத்தும்போதெல்லாம் காது சரிவுப் பக்கம் போனது. எஞ்சின் முக்கி ஏறும் சத்தம், பெட்டி ஏற்ற நிற்கும் சத்தம், ரேடியோவின் குரல். "ஏம்மா, பழத்தைப் பறிக்கறியா, அதுக்குப் பேர் வெக்கறியா?" பறிக்கிற பெண்களின் சிரிப்பு. சரி என்று மறுபடி கிரைண்டரைப் போடுவார். கீழே ரோட்டில் மாப்பிள்ளையின் தவளை பிடியைத் தூக்கிக்கொண்டு சமதளத்தில் போய் வந்துகொண்டிருந்தது. அங்கே கவிழ வேண்டும் என்றால் யாராவது தூக்கித்தான் கவிழ்க்க வேண்டும்.

எழுந்து போய் ரேடியோ வண்டியில் ஒரு பிடியை மாட்டிவிட்டு வந்துவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. சுவரில் சாய்ந்திருந்த மூன்றில் ஒன்றைத் தூக்கிக்கூடப் பார்த்தார். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டால்? மற்ற இரண்டுக்கும்? திரும்பச் சாய்த்து வைத்தார்.

அடுத்த தடவை கிரைண்டரை நிறுத்தியபோது எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பாரம் இல்லாமல், ஒரே சுருதியில், அலறுவது போல. குரல் இல்லை.

வெல்டர் ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே போயிற்று.

மூன்றாவது வரிசைக்குக் கீழே தவளை மல்லாந்து கிடந்தது. நாலு சக்கரமும் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர்க் குழாய் புதைத்த பள்ளத்தில் கீழ்ப்பக்கச் சக்கரம் இறங்கிய தடம் இருந்தது. பெட்டிகள் சிதறிப் பழங்கள் சரிவு முழுக்க இன்னும் உருண்டபடி இருந்தன. கம்பித் தட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ரேடியோவின் நெஞ்சு.

பெண்கள் கத்திக்கொண்டே வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். வெல்டர் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. ரோட்டிலிருந்து மாப்பிள்ளை தன் வண்டியில் சீறிக்கொண்டு வந்து, குதித்து ஓடிவந்து தோள் கொடுத்தான். எல்லோருமாகச் சேர்ந்து தூக்கினார்கள். ரேடியோவை இழுத்து வெளியே போட்டார்கள். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கண் திறந்திருந்தது. வெல்டரைப் பார்த்து வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. மறுபடியும் திறந்தான். அதே காற்று.

ரேடியோவின் மனைவியும் தரம் பிரிக்கிறவள்தான். வெல்டரின் தங்கைக்குப் பக்கத்து மேசை. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேனில் ஏறும்போது ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே திரும்பி வெல்டரின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அவர் வண்டியில அந்தப் பிடி இருந்துச்சுல்ல?"

அவளுக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். வெல்டர் வாயைத் திறந்தார். அதற்குள் டிரைவர் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

வெயில் தாழ்ந்த பிறகு சூப்பர்வைசர் பட்டறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. வெல்டர் கொடுத்த ஸ்டூலில் உட்காரவில்லை.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். தொண்டையில குழாய் சொருகியிருக்காங்க. பேச்சு வருமான்னு இப்ப சொல்ல முடியாதாம்." சுவரில் சாய்ந்திருந்த மூன்று பிடிகளைப் பார்த்தார். "காலையில லேபர் ஆபீஸ்ல இருந்து ஆய்வாளர் வர்றாரு. நாலு வண்டியிலயும் பிடி இருக்கணும்."

"ரேடியோ வண்டியில?"

"நாலுன்னா நாலு."

"பிடி இருந்தும் கவுந்தான்னா ஓட்டினவன் தப்புன்னு ஆயிடும் சார். அவன் குடும்பத்துக்கு ஒண்ணும் வராது."

"கம்பெனி பாத்துக்கும்."

"யாரு பாத்துக்குவா சார்?"

சூப்பர்வைசர் மாப்பிள்ளையின் தவளைக்கு அருகில் போய்க் குனிந்தார். காலையில் தடவிய அதே போல்ட்டைத் தடவினார்.

"இது துரு தின்ன தலை இல்ல, வெல்டரே. நான் காலையிலயே பாத்தேன். நானும் வேலை தெரிஞ்சவன்தான்." நிமிர்ந்தார். "நான் கழட்டச் சொன்னேன்னு சொல்லுவ. சொல்லு. மூணுல கழட்டினவன் ஒண்ணுல மட்டும் ஏன் விட்டான்னு கேப்பாங்க. அது யாரோட வண்டின்னு கேப்பாங்க. அந்த வண்டி ரோட்டுல ஓடின அன்னைக்குச் சரிவுல யாரு ஓட்டினான்னு கேப்பாங்க. ரேடியோ பொண்டாட்டியும் அங்கதான் நிப்பா."

வெல்டர் மேசையில் கிடந்த ஸ்பானரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உருண்ட வண்டி. பிடி பளபளன்னு நின்னா எவன் நம்புவான்? ரெண்டு அடி போட்டு மண்ணு தேச்சுடு." வாசல் வரை போனவர் நின்றார். "எனக்கும் வீடு வாசல் இருக்குய்யா."

அவர் போன பிறகு வெல்டர் இரண்டு வண்டிகளுக்குப் பிடியை மாட்டினார். போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுச் சரியான ஸ்பானரால் இறுக்கினார். மூன்றாவது பிடியைத் தரையில் கிடத்திச் சுத்தியலை எடுத்தார். முதல் அடியில் குழாய் துள்ளிப் புரண்டது. காலால் மிதித்துக்கொண்டு அடித்தார். மறுபடி துள்ளியது.

வாசலில் மாப்பிள்ளை நின்றான். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். தரையில் கிடந்த குழாயையும் சுத்தியலையும் பார்த்தான்.

"மச்சான், அது ரேடியோ வண்டிக்கா?"

"ம்."

"அவன் வண்டியிலதான் இல்லையே."

வெல்டர் அவனுடைய தவளையை நோக்கித் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை போய்க் குனிந்தான். போல்ட்டின் தலையை விரலால் தொட்டான். தொட்ட விரலை எடுக்காமல் அப்படியே இருந்தான். யார் சொல்லி என்று அவன் கேட்கவில்லை. பிறகு வந்து தரையில் குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் குழாயை அழுத்திப் பிடித்தான்.

"கையை எடுத்துக்குங்க மாப்ள, அடி பட்டுடும்."

"அடிங்க மச்சான். பிடிச்சுக்கறேன்."

வெல்டர் அடித்தார். தரம் பிரிக்கும் கொட்டகையில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மேசை கழுவும் சத்தம் கேட்டது. அது தங்கையாக இருக்கலாம். சுத்தியல் விழ ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் நின்றது.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். பட்டறை வாசலில் நாலு தவளைகளும் வரிசையாக நின்றன. நாலிலும் பிடி இருந்தது. நசுங்கிய பிடியைத் தொட்டுப் பார்த்து, அது தன் வேலையைச் செய்திருக்கிறது, ஓட்டியவர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார். மற்ற போல்ட்டுகளையும் பார்த்துத் திருப்தியானார். மாப்பிள்ளையின் வண்டியில் மட்டும் ஒரு போல்ட் மழுங்கிக் கிடப்பதைக் காட்டி, நாலில் இது ஒன்றுதான் பாதுகாப்பாக இல்லை, உடனே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வெல்டர் மாற்றினார்.