பெயர் நாளுக்கு ஒரு ஜோடி டிஸ்க்

கார் கழுவிய சோப்புத் தண்ணீர் சமையலறை வாசல் வரை ஓடி வந்துவிட்டது. சத்தம் போடத்தான் அர்கீரோ வெளியே வந்தாள். காரைப் பார்த்ததும் மனம் மாறி முன்சக்கரத்தருகே குனிந்தாள். குளிர்காலம் முழுக்க உறை போட்டு மூடிக் கிடந்த கார் அது. மலைச்சாலைப் பந்தயத்துக்கென்றே அவள் கணவன் வைத்திருப்பது. போன வருடம் அவனுடைய பெயர் நாளுக்கு, அதாவது அவன் பெயரைக் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, அவள் அதற்கு ஒரு ஜோடி பிரேக் டிஸ்க் வாங்கிக் கொடுத்தாள். தங்கப் பூச்சு, வட்டம் முழுக்கத் துளைகள். சீக்கிரம் சூடு தணியும், உயிருக்குக் காவல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வேகத்தைக் கூட்டுகிற சாமானை அவன் நண்பர்கள் கொடுப்பார்கள். நிற்க வைக்கிற சாமானை யாராவது கொடுக்க வேண்டாமா? கண் படாமலிருக்க மூன்று முறை துப்பிய பிறகுதான் பெட்டியை அவன் கையில் வைத்தாள்.

இப்போது சக்கரத்துக்குள் தங்கமும் இல்லை, துளையும் இல்லை. ஓரம் துருப்பிடித்த வெறும் இரும்பு.

“திரிஃபோன், நான் வாங்கித் தந்தது எங்க?”

“அதையா? அக்டோபர்லயே கழட்டிட்டேன்.” அவன் குழாயை மூடினான். “பார்க்கத்தான் அழகு. நாலு தடவை சூடாகி ஆறினதும் துளைக்குத் துளை விரிசல். மயிரிழைதான். ஆனா அதை நம்பி ஒரு வளைவுல நான் பிரேக்ல கால் வைக்க முடியுமா?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. நல்லவேளை, பார்த்துவிட்டானே என்று நெஞ்சு ஆறியது.

“சொல்லியிருக்கலாமே.”

“நீ வருத்தப்படுவேன்னுதான்.”

“சரி, தூக்கிப் போட்டியா?”

அவன் துணியைப் பிழிய ஆரம்பித்தான். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைக்கிற ஆள்.

“லாம்பிஸுக்குக் குடுத்துட்டேன். அவன் பெயர் நாளுக்கு. போன வாரம் அவன் கார்ல நானே மாட்டியும் விட்டேன்.”

லாம்பிஸ் அவள் தம்பி. மலைக்கு அந்தப் பக்கம் ஸகோராவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறான். இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மலைக் கணவாயைத் தாண்டினால் இவர்கள் இருக்கும் வோலோஸ் வரை ஒரே இறக்கம்.

“விரிசலோடயா?”

“மெருகு போட்டுத்தான் குடுத்தேன். அவன் என்ன பந்தயமா ஓடறான்? அவன் ஓட்டுற ஓட்டுக்கு ஆயுசுக்கும் வரும்.”

“உனக்கு ஆகாதது என் தம்பிக்கு ஆகுமா?”

“சும்மா பெருசு பண்ணாத, அர்கீரோ.”

அவள் உள்ளே போய் போன் போட்டாள். மலையில் சிக்னல் கிடையாது. மறுபடி போட்டாள். அடுப்பில் கணவாய் மீன் கருகிய வாசனை வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். லாம்பிஸ்மேல் இவனுக்குப் பகை ஏதாவது இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. பகைக்காவது ஆளைப் பற்றி யோசிக்க வேண்டும். இவன் யோசிக்கவே இல்லை. போடாத சட்டையை எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்திருக்கிறான். அவள் மனம் நோகக் கூடாது என்று மறைத்தானாம். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஹாரன் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரும் குதித்து இறங்கி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். லாம்பிஸ் நேராகப் போய் மச்சானின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான்.

“உன் கை நல்லாயிருக்கணும், மச்சான். எங்க ஊர்ல எல்லாரும் சக்கரத்தையே குனிஞ்சு பாக்குறாங்க. ஆனா இறக்கத்துல பிரேக்கை மிதிச்சா ஸ்டீயரிங் கொஞ்சம் உதறுது. புதுசுன்னா அப்படித்தானா?”

திரிஃபோன் கோப்பைகளில் சிப்புரோ சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“பழகினா சரியாயிடும்,” என்றான்.

“ஒரு சுத்து ஓட்டிப் பாத்துச் சொல்லேன்.” லாம்பிஸ் சாவியை மேஜைமேல் போட்டான்.

அர்கீரோ ரொட்டிக் கூடையை வைத்துவிட்டுக் கணவனுக்கு எதிரே நின்றாள்.

“போய்ட்டு வா, திரிஃபோன். கணவாய் வரைக்கும் ஏறி அப்படியே இறங்கி வா. பிள்ளைங்களையும் ஏத்திக்க.”

“வா மாமா, போலாம்,” என்று சின்னவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

சாவி ரொட்டிக்கும் ஆலிவ் தட்டுக்கும் நடுவில் கிடந்தது. லாம்பிஸ் சிரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு மச்சானின் கை எங்கே என்று தேடினான். அது மேஜைக்குக் கீழே போயிருந்தது.